சின்னவனை அனுப்பி வை

அன்புள்ள மாரி,

பொங்கலுக்கு முன்னால் நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். கோபமாக இருப்பாய், நேரில் வரும்போது திட்டிக்கொள். இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் தங்கச்சிக்கு முட்டிவலிதான் விட்டபாடில்லை.

சின்னவனை இன்சுலேஷன் வேலைக்கு அப்ரண்டிஸாகச் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தாய். ஒரு வரியில் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இப்போது அம்பத்தூர் ஷெட்டில் என் கையில் மூன்று பையன்கள். ஒருவன் ஐ.டி.ஐ.யில் ஷீட் மெட்டல் முடித்தவன், மற்ற இருவரும் பிளஸ் டூ. அதில் கடைக்குட்டி, கணக்கு என்றாலே ஓடுகிறவன். நாலு இஞ்ச் பைப்புக்கு 50 மில்லி ராக்வூல் சுற்றி, மேலே அலுமினியத் தகடு வெட்டச் சொன்னேன். 114-உடன் 50-ஐக் கூட்டி, 3.14-ஆல் பெருக்கி வெட்டிவிட்டான். பைப்பில் வைத்தால் ஒரு சாணுக்கு வாய் பிளந்து நிற்கிறது! "தம்பி, கம்பளி ஒரு பக்கமா இருக்கு, சுத்தி இருக்கா?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் பைப்பையே பார்த்தான். அப்புறம் அவனாகவே 214 என்று எழுதி, 672 போட்டு, மடிப்புக்கு 40 சேர்த்து வெட்டினான். கச்சிதமாக உட்கார்ந்தது. அவன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். இப்போது எல்போவுக்குத் துண்டு துண்டாக வரைந்து வெட்டப் பழகுகிறான். உன்னுடைய இட்லிப்பானை எல்போ கதையைச் சொல்லித்தான் அவனுக்குப் பயம் தெளிய வைத்தேன்.

இந்த வேலையில் புத்திக்குத் தீனி இருக்கிறது, மாரி. நீராவி லைனில் தகட்டின் மடிப்பு கீழ்ப்பக்கம் பார்த்து இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஐப்பசி மழை உள்ளே இறங்கி, கம்பளி ஊறி, பைப்பே துருப்பிடித்துவிடும். ஏ.சி.க்குப் போகிற குளிர்தண்ணி லைனில் கதை வேறு. உள்ளே 7 டிகிரியில் தண்ணீர் ஓடும், வெளியே நம் மெட்ராஸ் புழுக்கம். மேலே ஒட்டுகிற ஈரத்தடுப்பில் ஊசி நுழையும் அளவு இடைவெளி விட்டாலும் அங்கே வேர்க்க ஆரம்பிக்கும், பிறகு கூரைப் பலகையெல்லாம் கறை. இதையெல்லாம் ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லித் தரவேண்டும். நமக்குப் பெரியவர் சொன்னார்.

பெரியவரை நினைத்துத்தான் இத்தனை நாள் பேனா ஓடவில்லை. போன மாதம் மணலி பக்கம் ஓர் ஆலைக்குப் போனோம். பழைய லைனில் லேகிங்கைப் பிரிக்க வேண்டும். பையன்கள் சாரத்தில் ஏறிவிட்டார்கள், மூக்கில் கர்சீப் மட்டும். நான் போய்ப் பார்க்கிறேன், அதே வெள்ளைப் பூச்சு, உள்ளே நார் நாராக. நாம் 18 வயசில் வெறுங்கையால் பிய்த்துப் போட்டது. மூன்று பேரையும் உடனே கீழே இறக்கினேன். "ஒருநாள் வேலைதானே, ஏன் இவ்வளவு பண்றீங்க?" என்றார் சூப்பர்வைசர். சாம்பிளை லேபுக்கு அனுப்பாமல் தொட முடியாது என்று உட்கார்ந்துவிட்டேன். ஒரு வாரம் என்னிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ரிப்போர்ட்டில் ஆஸ்பெஸ்டாஸ் என்றே வந்தது. நனைத்துப் பிரித்து, பையில் கட்டி எடுக்கிற தனி ஆட்கள் வந்துதான் அந்த வேலையைச் செய்தார்கள்.

அந்தத் தூசி 20, 30 வருஷம் கழித்துத்தான் நெஞ்சில் தன் வேலையைக் காட்டும். பெரியவர் கடைசி இரண்டு வருஷம் உட்கார்ந்தபடியே தூங்கினார். டாக்டர் அதற்கு என்ன பேர் வைத்தார் என்று நமக்கு யாரும் சொல்லவில்லை. நீ இந்த மாதமே போய் நெஞ்சுக்கு ஒரு எக்ஸ்ரே எடு, நானும் எடுக்கிறேன். பழைய வேலையைப் பற்றி டாக்டரிடம் மறக்காமல் சொல். கிளாஸ்வூல் அரிப்பு மாதிரி பச்சைத் தண்ணீர் ஊற்றினால் போகிற விஷயமில்லை இது.

சரி, சின்னவன். அனுப்பு. ஆனால் என்னை நம்பி மட்டும் அனுப்பாதே. 1961 அப்ரண்டிஸ் சட்டப்படி ஒப்பந்தம் பதிவாக வேண்டும், அதில் அவன் கையெழுத்து இருக்க வேண்டும். உதவித்தொகை அவன் பேரில் உள்ள பேங்க் கணக்குக்கு வரவேண்டும். என்ன கற்றுத் தருவார்கள் என்று காகிதத்தில் இருக்க வேண்டும். ஒரு வருஷம் மூட்டை தூக்க வைத்துவிட்டு "டிரெய்னிங் முடிஞ்சுது" என்று அனுப்பிவிடுகிற இடங்களை நான் பார்த்திருக்கிறேன். ஹெல்பர் வேலைக்கு அப்ரண்டிஸ் என்று பேர் வைத்தால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

ஆதார், பேங்க் பாஸ்புக், மார்க்‌ஷீட் எல்லாம் எடுத்துவரச் சொல். முழுக்கைச் சட்டை நாலு வேண்டும். ஷூவும் மாஸ்க்கும் இங்கே நான் வாங்கித் தருகிறேன். முத்துநகரில் ஏற்றிவிட்டு எனக்கு ஒரு போன் போடு, காலையில் எழும்பூரில் வந்து நிற்கிறேன். அவன் கையில் மக்ரூன் கொடுத்தனுப்ப மறக்காதே.

உன்,
செல்வம்