மொன்றியல் மட்டும்தானா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித்குமார் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்ததில் தொடங்கி, ஃபோர்முலா ஒன் வரை போன கட்டுரையை வாசித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் ஃபோர்முலா ஒன் நடக்கும் இடம் என்பதால், 'கனடாவில் கார்ப் பந்தயம் என்றால் மொன்றியல் மட்டும்தான்' என்று ஒரு வரி இருந்தது. ஸ்காபரோவில் இருபத்தைந்து வருடமாகக் கார் திருத்தி வாழ்கிறவன் நான். அந்த வரியைச் சும்மா விட மனம் வரவில்லை.

ஒன்ராறியோவில் சனிக்கிழமை இரவுப் பந்தயம் என்று ஒன்று உண்டு. ஒரு சுற்று பெரும்பாலும் அரை மைலைத் தாண்டாத தார் போட்ட ஓவல் தடம், பலகை இருக்கைகள், இடப்பக்கம் மட்டுமே திரும்பும் கார்கள். ஓட்டுகிறவர் திங்கட்கிழமை காலை கராஜுக்கோ கூரை வேலைக்கோ போய்விடுவார். அமெரிக்காவின் பெரிய கார்ப் பந்தயத் தொடரான நாஸ்காரில் 200 வெற்றிகளோடு ஓய்வுபெற்ற வீரர் ரிச்சர்ட் பெற்றி தன் முதல் பெரிய பந்தயத்தை எங்கே ஓட்டினார் தெரியுமா? நம் ரொறன்ரோவில்தான், 1958 ஜூலை 18 அன்று, கண்காட்சி மைதானத்தின் சின்னத் தடத்தில். வென்றவர் அவருடைய அப்பா லீ பெற்றி. பிள்ளையும் ஓடுகிறானே என்று வழிவிடாமல், இடித்து ஒதுக்கிவிட்டுப் போனாராம் மனிதர். இப்போது அந்த இடத்தில் கால்பந்து அரங்கு நிற்கிறது. அதற்குள் போய்வரும் நம் பிள்ளைகளுக்கு இந்தக் கதை தெரியாது.

என்னை முதலில் ரொறன்ரோவுக்கு வடக்கே இருந்த பாரி தடத்துக்குக் கூட்டிப்போனவர் என்னோடு வேலை செய்த ஒரு வெள்ளைக்காரர். 'லேட் மொடல்' என்று சொல்லும், ஓவல் தடத்துக்கென்றே கட்டிய பந்தயக் கார் வைத்திருந்தார். வருடத்தில் மூன்று நான்கு தடவை எல்லையைத் தாண்டி நியூயோர்க் மாநிலத் தடங்களுக்கும் போவார். ஒருமுறை நானும் உதவிக்குப் போனேன். எல்லைச் சாவடியில் எத்தனை ரயர், எத்தனை கியர், திரும்பும்போது எத்தனை இருக்கும் என்று கேட்டார்கள். 'எத்தனை சுவரில் மோதுகிறேனோ அதைப் பொறுத்தது' என்று இவர் சொல்ல, அந்த அதிகாரியே சிரித்துவிட்டார். அங்கே கூட்டத்தில் பாதிப்பேருக்கு இவரை வருடக்கணக்காகத் தெரியும். ஏசுவதற்கென்றே காத்திருந்தார்கள். அப்படி ஏசுவதும் ஒருவகை உறவுதான்.

இந்தப் போக்குவரத்து சின்ன விஷயமில்லை. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் நடக்கும் ஒக்ஸ்ஃபர்ட் 250 பந்தயத்தை 1977இல் ஒன்ராறியோவின் டொன் பீடர்மன் வென்றார். தொண்ணூறுகளில் ஜூனியர் ஹேன்லி, டெரெக் லிஞ்ச், டேவ் விட்லொக் என்று இங்கிருந்து போனவர்கள் அதைத் தூக்கிவந்தார்கள். 2022இல் நோவா ஸ்கோஷியாவின் கோல் புச்சர் வென்றபோது எனக்குப் பழைய காலம் திரும்பியதுபோல இருந்தது.

ஆனால் போகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். பாரி தடம் 2015 பருவத்தோடு மூடப்பட்டது. மோஸ்போர்ட்டில் இருந்த சின்ன ஓவல் இப்போது இல்லை. 1966இல் தொடங்கிய கயூகா தடத்தை 2017இல் ஜுகாசா என்ற பெயரில் பெருஞ்செலவில் புதுப்பித்துத் திறந்தார்கள். சில பருவங்களுக்குள் அதுவும் அடங்கிவிட்டது.

சனங்களுக்கு இதில் ரசனை போய்விட்டது என்று சொல்கிறவர்கள் ஒருமுறை நயாகரா பக்கம் மெரிட்வில் களிமண் தடத்துக்கோ, பூர்வகுடிகளின் சிக்ஸ் நேஷன்ஸ் மண்ணில் இருக்கும் ஒஸ்வீக்கன் களிமண் தடத்துக்கோ போய்ப் பாருங்கள். அங்கே நான் போன இரவுகளில் கார் நிறுத்த இடம் தேடி அலைந்திருக்கிறேன். களிமண் பழுதானால் மண்ணைச் சமன்செய்யும் கிரேடரும் தண்ணீர் லொறியும் வந்து ஒரு மத்தியானத்தில் சரிசெய்துவிடும். தார் அப்படியில்லை. நம்முடைய குளிரில் நிலம் உறைந்து இளகும்போது அது வெடிக்கும். மீண்டும் போடுவதற்கு ஒரு சின்ன முதலாளியால் முடியாது. அதற்குள் பக்கத்தில் வீடுகள் வந்துவிடும், காணி விலை ஏறும், புதிதாகக் குடிவந்தவர் சத்தம் என்று முறையிடுவார். (தடம் அவருக்கு நாற்பது வருடம் முன்னால் வந்தது என்பதை யாரிடம் சொல்வது!) ஓட்டுபவருக்கும் செலவு தாங்காது. தாரில் புது ரயர் போட்டவன்தான் முன்னால் போவான். ரயர் விலையோ எனக்கே தலைசுற்றும்.

ஒன்ராறியோ ஏரிக்கு அக்கரையில், நியூயோர்க் மாநிலத்தில் ஒஸ்வேகோ தடம் இருக்கிறது. 1951இலிருந்து பந்தயம் நடக்கும் இடம். என்ஜினை இடப்பக்கம் தள்ளிப் பொருத்திய சூப்பர்மொடிஃபைட் கார்களுக்குப் பேர்போனது. 2016இலிருந்து, கொரோனா வந்த 2020 தவிர, ஒக்டோபரில் அந்தத் தாரின் மேலேயே களிமண்ணைக் கொட்டிப் பரப்பி 'சூப்பர் டேர்ட் வீக்' என்ற மண் தடப் பந்தய வாரம் நடத்துகிறார்கள். 2019இல் அதன் பெரிய பந்தயத்தை வென்றவர் நம்முடைய சென் கத்தரீன்ஸ் ஆள், மற் வில்லியம்சன். கனடாக்காரன் வென்றான் என்று எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அவன் வென்றது தாரை மூடிய மண்ணில் என்பதையும் நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் மூடிய தரைவழி எல்லையை எங்களுக்கு அமெரிக்கா திறந்துவிட்டது 2021 நவம்பர் 8ஆம் தேதி. இரண்டு கோடைகாலம் முழுதாகப் போயிற்று. என்னைப் பாரிக்குக் கூட்டிப்போன அந்த நண்பர் அதற்குள் இழுவை வண்டியை விற்றார், பிறகு காரையும். ஓட்டுவதை விட்டு ஒரு வருடமானால் பழகிப்போகும் என்றார். பழகினதாகத் தெரியவில்லை, சனிக்கிழமையானால் இப்போதும் எரிச்சலோடுதான் இருப்பார்.

மொன்றியலை எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. வருகிற கோடையில் ஒரு சனிக்கிழமை உங்கள் நிருபரைப் பீற்றர்பரோ தடத்துக்கு அனுப்புங்கள். நானே கூட்டிப்போகிறேன், வேண்டுமானால் நண்பரையும் இழுத்துவருகிறேன். காதுக்குப் பஞ்சு கொண்டுவரச் சொல்லுங்கள். வெள்ளைச் சட்டை மட்டும் வேண்டாம், ரயர்த் தூள் படிந்தால் போகாது.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
ஸ்காபரோ.