ஞாயிறு காலை வாழை நாரோட வாங்க

எல்லாருக்கும் வணக்கமுங்க. ஞாயித்துக்கெழம காலை 10 மணிக்கு சமுதாயக் கூடத்துக்கு காலேஜ் பசங்களும் பேராசிரியரும் மறுபடி வர்றாங்க. காலேஜுங்க கிராமங்களோட சேர்ந்து வேலை செய்யறதுக்கு மத்திய அரசு 2014-ல ஆரம்பிச்ச உன்னத் பாரத் அபியான் திட்டத்துல சேர்ற ஒரு கல்லூரி குறைஞ்சது 5 கிராமத்தைத் தத்தெடுக்கணும். அதுல நம்மூரும் ஒண்ணு.

போன தடவை, தார் வெட்டுன பொறவு வரப்புல கெடந்த வாழை மட்டையை ஒரு பொண்ணு எடுத்து, நகத்தால நாரு நாராக் கிழிச்சுப் பார்த்துட்டு, "இதை ஏனுங்க வீசறீங்க?"ன்னு கேட்டுச்சு. அந்தக் கேள்வியிலதான் நம்ம மகளிர் குழு நாரு உரிக்க ஆரம்பிச்சது. ஈரத்தோட கட்டி வெச்சதுல ஒரு கட்டு பூசணம் புடிச்சுக் கறுத்துப் போச்சு. அதையும் மறைக்காம எடுத்துட்டு வாங்க அக்கா. அதைப் பார்த்தாத்தான் உலர்த்தறதுக்கு வழி சொல்லுவாங்க.

கடன் குடுக்கற கூட்டம் இல்லீங்க இது. தொழிலா வளர்க்கணும்னா கோவை வேளாண் பல்கலைக்கழகத்துல இன்குபேட்டர், அதாவது புதுசாத் தொழில் தொடங்கறவங்களுக்கு வழிகாட்டி உதவற மையம் இருக்குது, அதுல சேர்றது எப்படின்னு பேராசிரியர்கிட்டக் கேக்கலாம். நம்ம கோவை முருகானந்தம், தான் கண்டுபுடிச்ச நாப்கின் செய்யற மெஷினை மகளிர் குழுக்கள் கையிலதான் குடுத்தாரு, 2016-ல அவருக்கு பத்மஸ்ரீ விருது கெடைச்சுது. நம்ம குழுவாலயும் முடியுமுங்க.

வர்றவங்க பேரை இன்னைக்கு ராத்திரிக்குள்ள இங்கயே போடுங்க, சாப்பாடு சொல்லணும்.