ஜனவரியில் கதவு திறக்க வேண்டும்: பாலர் பாடசாலைக்காக ஒரு வேண்டுகோள்

அன்புடையீர்,

வணக்கம். கொழும்பு முகத்துவாரத்தில் நாங்கள் நடத்திவரும் பாலர் பாடசாலைக்கு டிசெம்பர் 15 ஆம் திகதிக்குள் 515,000 ரூபாய் தேவைப்படுகிறது. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

கட்டட உரிமையாளர் அடுத்த வருட வாடகை முழுவதையும் முற்பணமாகக் கேட்கிறார். மாதம் 45,000 வீதம் 540,000 ரூபாய். துறைமுகத்துக்குப் பக்கம் என்பதால் அந்த இடத்தைச் சாமான் ஸ்டோர்ஸுக்கு எடுக்க ஆட்கள் காத்திருக்கிறார்கள். அவரைக் குறை சொல்ல மாட்டோம், இத்தனை வருடமும் ஊர் வாடகையை விடக் குறைத்துத்தான் வாங்கினார். அத்துடன் பிள்ளைகளின் கழிவறையைத் திருத்த 185,000 வேண்டும். ஆக மொத்தம் 725,000. கையில் இருப்பது 210,000.

இந்த நாட்டில் கல்வி இலவசம்தானே என்று சிலர் கேட்கிறார்கள். 1945 ஒக்டோபர் 1 ஆம் திகதி அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் வந்த இலவசக் கல்வியால்தான் எங்களில் பலர் நாலு எழுத்துப் படித்தோம். அதை மறக்கவில்லை. ஆனால் இன்று அந்த இலவசம் பெரும்பாலும் முதலாம் தரத்தில்தான் தொடங்குகிறது. அதற்கு முந்திய இரண்டு வருடத்துக்கும் பெற்றோர்தான் காசு கட்ட வேண்டும். கொழும்பில் ஒரு நல்ல நேர்சரி கேட்கும் மாதக் கட்டணம் உங்களுக்குத் தெரியும். புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமை வேலை செய்யும் தகப்பனுக்கு அது எட்டாது. அங்கே இருந்த மெனிங் மரக்கறிச் சந்தை பேலியகொடைக்குப் போன பிறகு பழைய இடத்தில் கிடைத்த மூட்டை வேலையும் பலருக்கு இல்லாமல் போய்விட்டது. தாய்மார் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி வீடுகளுக்கு வேலைக்குப் போகிறார்கள், இல்லாவிட்டால் மத்திய கிழக்கில் இருக்கிறார்கள். பிள்ளை அம்மம்மாவிடம், அல்லது தோட்டத்து ஒழுங்கையில்.

அப்படி வளரும் பிள்ளை ஐந்து வயதில் முதலாம் தரத்துக்குப் போகும்போது, பக்கத்து மேசைப் பிள்ளை பெயர் எழுதிக்கொண்டிருக்கும். இதற்குப் பென்சில் பிடிக்கத் தெரியாது, வரிசையில் நிற்கத் தெரியாது, டீச்சரிடம் கழிவறைக்குப் போகக் கேட்கக்கூடத் தெரியாது. முதல் மாதத்திலேயே ‘மொக்கு’ என்று பெயர் விழுந்துவிடும். அந்தப் பெயர் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் வரைக்கும், சில பிள்ளைகளுக்குப் படிப்பை விடும் வரைக்கும் கூடவே வரும். பிள்ளையிடம் ஒரு குறையும் இல்லை, இரண்டு வருடம் பிந்தித் தொடங்கியது, அவ்வளவுதான். எங்களிடம் படித்துப் போகும் பிள்ளைக்கு அந்தப் பெயர் விழுவதில்லை. பாடசாலை நடத்துவது இதற்காகத்தான்.

இந்தப் பாடசாலை எப்படி வந்தது என்பதை இளைய தலைமுறைக்குச் சொல்ல வேண்டும். எங்கள் பாட்டன்மார் துறைமுகத்துக்கும் மாநகர சபை வேலைக்கும் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். இந்த நகரத்தின் கப்பல்களில் மூட்டை இறக்கியதும் தெருவைக் கூட்டியதும் அவர்கள். 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தோடு அவர்களில் பலர் நாடற்றவர்கள் ஆனார்கள். ஓட்டு இல்லை, உரிமை இல்லை, பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் எடுப்பதே பெரும்பாடு. அந்த நிலையிலும் கோயில் திண்ணையில் பாய் விரித்துப் பிள்ளைகளை உட்கார வைத்தார்கள். கரும்பலகை வாங்க ஒரு நாள் கூலியை ஆளுக்கு ஆள் விட்டுக் கொடுத்தார்கள். முதல் டீச்சர் சம்பளம் வாங்காமல் பல வருடம் படிப்பித்தவர். பிள்ளைகளின் பத்திரங்களுக்காகப் பெற்றோரையும் கூட்டிக்கொண்டு கச்சேரிக்கு, அதாவது அரசாங்க அலுவலகத்துக்கு, நடையாய் நடந்ததும் அவர்தான். இங்கே சில குடும்பங்களுக்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகுதான் பிரஜாவுரிமை கிடைத்தது என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த நடையின் அருமை விளங்கும்.

1983 ஜூலை இனக்கலவரத்தில் பாடசாலை மூடப்பட்டது. வாங்கு, மேசை, சிலேட்டு எல்லாவற்றையும் மீன் விற்கும் ஒரு சிங்கள அக்கா தன் வீட்டில் ஒளித்து வைத்தார். சனம் திரும்பி வந்தபோது ஒரு சிலேட்டுக்கூடக் குறையாமல் கொடுத்தார். அவருடைய பேரப்பிள்ளைகள் இருவர் பிற்காலத்தில் எங்களிடமே தமிழ் எழுத்துப் பழகினார்கள். பெரியவர்கள் இதைச் சொல்லும்போது இன்றைக்கும் குரல் தழுதழுக்கும்.

கோயில் திண்ணையில் தொடங்கினாலும் இது எந்தச் சமயத்துக்கும் தனிச்சொத்து அல்ல. விஜயதசமிக்கு ஏடு தொடக்குகிறோம், ஜூனில் கொச்சிக்கடை அந்தோனியார் திருநாளுக்கு விடுமுறை விடுகிறோம், நோன்புப் பெருநாளைக்கு முஸ்லிம் வீடுகளிலிருந்து வட்டிலப்பம் வருகிறது. கல்விக்குக் கொடுப்பது புண்ணியம் என்று சொல்லாத சமயம் எதுவும் இல்லை என்றே நம்புகிறோம்.

இப்போது கணக்கு. பிள்ளைகள் 64 பேர். தலைமை ஆசிரியைக்கு 40,000, உதவி ஆசிரியைகள் இருவருக்கும் தலா 32,000, சமையல் செய்யும் அம்மாவுக்கு 30,000. தேசிய குறைந்தபட்ச மாத வேதனமே 2026 ஜனவரியிலிருந்து 30,000 ஆகிவிட்டது. அதற்குக் கீழே கொடுப்பது சட்டத்துக்கும் மனச்சாட்சிக்கும் பொருந்தாது. ஊழியர் சேமலாப நிதி, நம்பிக்கை நிதி என்று எங்கள் பங்கு 20,100. சாப்பாட்டுக்குப் பிள்ளை ஒன்றுக்கு நாளுக்கு 130 ரூபாய், மாதம் 20 நாளைக்கு 166,400. மின்சாரம், தண்ணீர், காகிதம், கலர் பென்சில் எல்லாம் சேர்த்து 17,500. வாடகை இல்லாமலே மாதச் செலவு 338,000 ரூபாய்.

வரவு? பெற்றோர் மாதம் 500 தர வேண்டும், எல்லோராலும் முடிவதில்லை, 20,000 சேர்ந்தால் பெரிது. மாதாந்த நன்கொடையாளர் தருவது 215,000. மிச்சம் 103,000 ஒவ்வொரு மாதமும் துண்டு விழுகிறது. நிலையான வைப்பிலிருந்து எடுத்துச் சமாளித்தோம், அதுவும் தீர்ந்துவிட்டது. சென்ற வருடக் கடைசியில் டித்வா புயல் வந்தபோது எங்கள் நன்கொடையாளர் பலர் மலையகத்துக்கு உதவி அனுப்பினார்கள். அதுதான் நியாயம், அங்கே வீடும் உயிரும் போயிருந்தன. ஆனால் அப்போது நின்ற மாதாந்தக் காசு பல இடங்களில் மறுபடி தொடங்கவில்லை. தயவுசெய்து இதை ஒரு நினைவூட்டலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டைக் குறைத்தால் என்ன என்று ஒருவர் யோசனை சொன்னார். முடியாது. கடலை, பயறு, வல்லாரைக் கஞ்சி, சோறும் பருப்பும் அரை முட்டையும் என்று மாறி மாறிக் கொடுக்கிறோம். பல பிள்ளைகளுக்கு அன்றைக்கு முதல் சாப்பாடே பத்து மணிக்கு நாங்கள் கொடுப்பதுதான். திங்கட்கிழமைகளில் எல்லாப் பிள்ளைகளும் இரண்டாம் முறை கேட்பார்கள், சனி ஞாயிறு வீட்டில் எப்படிப் போனது என்பது அதிலேயே தெரியும். 2022 செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்துக்கு ஏறியபோதும், அந்த வருடம் காஸ் இல்லாமல் விறகில் சமைத்தபோதும் நிறுத்தாத சாப்பாடு இது.

அன்று நிறுத்தாமல் இருந்ததற்குக் காரணமானவர்களுக்கு நன்றி சொல்லாமல் மேலே போக முடியாது. செட்டியார் தெரு நகைக்கடை ஐயா மாதாமாதம் இரண்டு மூட்டை அரிசி அனுப்பினார், பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வத்தளையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தன் ஓய்வூதியத்தில் பங்கு கொடுத்தார், இன்றும் கொடுக்கிறார். ஸ்காபரோவில் இருக்கும் பழைய மாணவர்கள் நால்வர் ஒரு குளிர்காலம் முழுக்க இரவு வேலை செய்து சேர்த்த பணத்தில் மேசை கதிரை வந்தது. கொட்டாஞ்சேனைப் பேக்கரி முதலாளி, பெருநாளில் ஸக்காத்தோடு எங்களையும் நினைத்த மாளிகாவத்தைக் குடும்பம், துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் தம்பி, தன் திருமண வரவேற்பைச் சுருக்கி மிச்சப் பணத்தைக் கொண்டுவந்து தந்த பிள்ளை. உங்கள் எல்லோருக்கும் கைகூப்பி நன்றி. 200 ரூபாயைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்து தந்த பாட்டிமாருக்கும் அதே நன்றி.

மற்றவர்களிடம் உரிமையோடு ஒன்று கேட்கிறோம். இந்த வாங்கில் உட்கார்ந்து ‘அ’ எழுதியவர்கள் இன்று வங்கியில், வைத்தியசாலையில், வெளிநாட்டில் இருக்கிறீர்கள். உங்களுக்காக ஒரு நாள் கூலியை விட்டவர்கள் பட்டினி கிடந்துதான் விட்டார்கள். தேருக்கும் திருநாளுக்கும் நாம் மனம் கோணாமல் கொடுக்கிறோம், கொடுக்கத்தான் வேண்டும். கோயில் வாசலில் 64 பிள்ளைகளை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே கும்பிட்டால் மனம் ஒப்புமா? நத்தாருக்கும் பொங்கலுக்கும் புது உடுப்பு எடுக்கும்போது ஒரு உடுப்பின் விலையை இங்கே திருப்பிவிடுங்கள்.

மாதம் 1,000 ரூபாய் தரக்கூடிய 103 பேர் கிடைத்தால் அடுத்த வருடம் துண்டு விழாது. ஒரு பிள்ளையின் ஒரு மாதச் சாப்பாடு 2,600. பிறந்தநாளுக்கோ, பெற்றோரின் ஆண்டுத் திவசத்துக்கோ ஒரு நாள் சாப்பாடு கொடுப்பதானால் 64 பேருக்கும் 8,320. திகதியை முன்கூட்டிச் சொன்னால் அன்று உங்களையும் அழைப்போம். காசு முடியாதவர்கள் அரிசி, பருப்பு, முட்டை தரலாம். மேசன் வேலை, குழாய் வேலை தெரிந்தவர்கள் கழிவறைக்கு இரண்டு நாள் உழைப்புத் தந்தால் அந்த 185,000 நிச்சயம் குறையும்.

டிசெம்பர் 15 வரை கிழமை நாட்களில் பிற்பகல் 1 மணி முதல் 4 மணி வரை பொருளாளர் பாடசாலையில் இருப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் காலை முழுக்க இருப்பார். வங்கிக் கணக்கு விவரத்தை அவரிடமே வாங்கிக்கொள்ளுங்கள், அனுப்பினால் வைப்புச் சீட்டின் படத்தைக் காட்டுங்கள். பாடசாலை முத்திரையும் தொடர் இலக்கமும் உள்ள பற்றுச்சீட்டு இல்லாமல் யாரிடமும் பணம் கொடுக்க வேண்டாம். வரவு செலவுக் கணக்கு வாசலில் ஒட்டப்பட்டிருக்கும், யாரும் பார்க்கலாம், கேள்வி கேட்கலாம்.

இப்படிக்கு,
பாலர் பாடசாலை நிர்வாகக் குழு
முகத்துவாரம், கொழும்பு 15