பழைய வாட்சுக்கு எதுக்கு பொய் பழுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

எங்க வாப்பா சவூதியில இருந்து கட்டிட்டு வந்த செய்கோ க்ரோனோகிராப், அதாவது ஸ்டாப்வாட்சும் சேர்ந்த வாட்ச், இன்னமும் என் கையில ஓடுது, கீழக்கரை உப்புக்காத்து பட்டு பட்டு முள்ளுல இருந்த வெள்ளைப் பூச்சு வெல்லப்பாகு நெறத்துக்கு வந்துருச்சு, ஸ்டாப்வாட்ச் பட்டன் ரெண்டும் ஓரத்துல அரிச்சு போச்சு. அந்த நெறம் வர 40 வருசத்துக்கு மேல ஆச்சு சார். இப்ப பழைய மாடல மறுபடி விடற கம்பெனிங்க நெறைய பேரு அந்த பழுப்ப ஃபேக்டரியிலயே பூசி அனுப்புறாங்க, எனக்கு மனசு ஒப்பவே மாட்டேங்குது, காலம் செய்ய வேண்டிய வேலைய பெயிண்டு செய்யலாமா?

பழசுக்கு மரியாதைன்னா அது வேற. சுவிஸ் வாட்ச் கம்பெனி ஜெனித் 1969ல வந்த ஏ384 மாடல 2019ல மறுபடி விட்டப்போ அதே 37 மில்லிமீட்டர் சைஸுலயே விட்டாங்க, தேதி கட்டமும் பழையபடி 4க்கும் 5க்கும் நடுவுலதான். ஹோயர் கம்பெனியோட மொனாக்கோ வாட்ச் 1969ல வந்தப்போ சாவி கொடுக்குற திருகு இடது பக்கம் இருந்துச்சு, உள்ள இருந்த காலிபர் 11ங்குற மெஷினோட அமைப்பு அப்படி, பின்னாடி அதே காலிபர் 11 பேர்ல திரும்ப வந்த மொனாக்கோவுலயும் இடது பக்கமேதான் வச்சாங்க, அதான் மரியாதை.

கண்ணாடிய மட்டும் லேசுல கீறல் விழாத சபையரா மாத்துறத நான் முழு மனசா வரவேற்குறேன். கடக்கரை மணல்ல பழைய கண்ணாடி படுற பாடு வாப்பா வாட்ச பாத்தாலே தெரியும், 12க்கு பக்கத்துல நீளமா ஒரு கீறல், தடவுனா நகத்துல தட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கீழக்கரை