ரோஸ்மேரி எண்ணெய்: துளி எண்ணித்தான் பாவிக்கவேணும்

யாழ்ப்பாணம்

அன்பு மகளுக்கு,

பிள்ளை பிறந்த பிறகு முடி கொட்டுகிறது, ரோஸ்மேரி எண்ணெயைத் தலைக்கு வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். வைக்கலாம். ஆனால் எங்கட நல்லெண்ணெய் மாதிரி உள்ளங்கையில் ஊற்றி உச்சியில் தேய்க்கிற எண்ணெய் இல்லை இது. இலையையும் பூந்தண்டையும் நீராவியில் வடித்தெடுத்த செறிவான எண்ணெய். கலக்காமல் பூசினால் தோல் எரியும், சிவக்கும்.

வாங்கும்போது போத்தலைத் திருப்பிப் பார். ‘ரோஸ்மரினஸ் அஃபிசினாலிஸ்’ என்றோ ‘சால்வியா ரோஸ்மரினஸ்’ என்றோ இருக்கவேணும். இரண்டும் ஒரே செடிதான், 2017இல் பேரினம் மாற்றினார்கள். ‘ஹேர் ஒயில்’ என்று விற்பது ஏற்கெனவே கலந்தது, அதற்கு நான் சொல்லும் கணக்குப் பொருந்தாது. வெள்ளைக் கடதாசியில் ஒரு துளி விட்டு வை. பிசுக்குக் கறை நின்றால் வேறு எண்ணெய் சேர்ந்திருக்கிறது.

30 மில்லி நல்லெண்ணெய்க்கு முதலில் 6 துளி. அது ஏறக்குறைய 1 சதவீதம். ஒத்துவந்தால் 12 துளி வரை போ, அதற்கு மேலே வேண்டாம். துளியைக் கூட்டினால் முடி கூடாது, தலைத்தோல்தான் கடிக்கும். தேங்காய் எண்ணெய் நீ இருக்கிற இடத்துக் குளிரில் கட்டியாகிவிடும், நல்லெண்ணெய்தான் வசதி. சீரகம், மிளகு போட்டுக் காய்ச்சுவதென்றால் முழுக்க ஆறிய பிறகு துளியை விடு. சூட்டில் விட்டால் பாதி ஆவியாகப் போய்விடும்.

முதலில் முழங்கையின் உட்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் விட்டுப் பார். கடி, தடிப்பு இல்லையென்றால் முடியை வகிடு வகிடாகப் பிரித்து, நகம் படாமல் விரல் நுனியால் தலைத்தோலில் தேய். ஒரு மணித்தியாலம் போதும், பிறகு முழுகு. கிழமைக்கு இரண்டு தரம் செய். துளியைக் குளிக்கிற தண்ணீரில் விடாதே. அது கரையாமல் மேலே மிதந்து அப்படியே தோலில் ஒட்டும்.

2015இல் ஈரானில் 100 பேரை வைத்து, முடி வளரப் பூசுகிற மருந்தான இரண்டு சதவீத மினொக்சிடிலோடு இதை ஒப்பிட்டு ஓர் ஆய்வு வந்தது. மூன்று மாதத்தில் இரண்டு பக்கமும் பெரிய மாற்றமில்லை, ஆறு மாதத்தில்தான் முடி கூடியது. ஒன்றும் பூசாத ஆட்களோடு ஒப்பிடவில்லை என்பதையும் மனதில் வை. அவர்களுக்கு இருந்தது பரம்பரை வழுக்கை. உனக்கு அப்படியில்லை மகள். பிள்ளை பிறந்து இரண்டு மூன்று மாதத்தில் கொட்டுகிற முடி பெரும்பாலும் ஒரு வருசத்துக்குள் தானாகத் திரும்பி வரும். அதற்குப் பிறகும் கொட்டினால் இரும்புச்சத்தையும் தைரொயிட்டையும் இரத்தத்தில் பார்க்கச் சொல். அந்தக் குறைகளை எந்த எண்ணெயும் தீர்க்காது.

போத்தலை இறுக்கி மூடிப் பிரிட்ஜில் வை. காற்றும் வெளிச்சமும் பட்டுப் பழசானால் அதே எண்ணெயே ஒவ்வாமையைக் கொண்டுவரும். மணம் மாறியிருந்தால் கொட்டிவிடு. வலிப்பு உள்ளவர்களுக்கு இது கூடாது, இதில் கற்பூரச் சத்து இருக்கிறது.

பிள்ளைக்குத் தடிமன் என்று நெஞ்சிலோ மூக்கடியிலோ இதைத் தடவிவிடாதே. யூக்கலிப்டஸில் இருக்கிற சினியோல் என்ற காரமான பொருள்தான் இதிலும் இருக்கிறது, அது கைக்குழந்தையின் மூச்சைச் சிக்கலாக்கும். தலையில் எண்ணெய் இருக்கும்போது பிள்ளையைத் தூக்குவதென்றால் முடியைத் துவாயால் கட்டிக்கொண்டு தூக்கு.

அன்புடன்,
அம்மா