டொம்முக்குத் தெரியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு இதழில் மார்க் ட்வைனின் 'ஹக்கிள்பெரி ஃபின்' என்ற அமெரிக்க நாவலைப் பற்றி வந்த கட்டுரையை மகள் காட்டினாள். அவள் வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். நான் செங்கலடியில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பவள். விடிய மூன்றரைக்கு நான் உரலைப் பிழிய, அவள் தட்டுகளை அடுக்கியபடி அந்தக் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தமிழில் சொன்னாள். ஆகவே நான் வாசித்தவள் அல்ல, கேட்டவள். ஆனாலும் கட்டுரையாளரோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது.

கட்டுரை முழுக்க அந்தக் கதையைச் சொல்லும் பையன் ஹக்கின் மனச்சாட்சிதான். சரி, பெரிய விஷயம்தான். ஓடிவந்த அடிமை ஜிம் எங்கே இருக்கிறான் என்று எசமாட்டி வாட்சனுக்குக் கடிதம் எழுதிவிட்டு, 'நான் நரகத்துக்கே போகிறேன்' என்று அதைக் கிழித்துப்போடுகிறான். அடிமைக்கு உதவுவது பாவம் என்றே பள்ளியும் கோயிலும் சொல்லிக்கொடுத்த பிள்ளை அவன். அந்த இடத்தில் நானும் உரலை வைத்துவிட்டேன். ஆனால் அந்தக் கடிதம் யாருக்கு எழுதப்பட்டது? கடைசி அத்தியாயங்களுக்கு வந்தபோதுதான் மகளிடம் கணக்குக் கேட்டேன். வாட்சன் அப்போதே செத்துவிட்டாள். சாகும்போது ஜிம்மை விடுதலை செய்து உயிலும் எழுதிவிட்டாள்.

இது ஹக்கின் கூட்டாளி டொம் சோயருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, பிடிபட்டுப் பூட்டிய குடிலில் கிடந்த ஜிம்மை 'மீட்கிறேன்' என்று மூன்று கிழமை விளையாடுகிறான். எலி, பாம்பு, சிலந்தி எல்லாம் பிடித்து உள்ளே விடுகிறான். ஒரு சாணைக்கல்லை உருட்ட இரண்டு பையன்களாலும் முடியவில்லை. ஜிம் கட்டிலைத் தூக்கி, கட்டில் காலிலிருந்து சங்கிலியைக் கழற்றி, வெளியே வந்து, கல்லை உருட்டிக்கொடுத்துவிட்டுத் திரும்பவும் உள்ளே போகிறான்! மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் சவூதியில் ஒரு வீட்டில் வேலை செய்தவள். அடிமையாக இருந்தேன் என்று சொல்லமாட்டேன். சம்பளம் மாதாமாதம் வந்தது, யாரும் கை நீட்டவில்லை. பாஸ்போட் மட்டும் மேடத்தின் அலுமாரியில். இரண்டு வருடம் முடிந்தது, 'இன்னும் கொஞ்சம்' என்றார்கள். நோன்பு வந்தது. அந்த வீட்டில் நோன்பென்றால் நாளுக்கு நூறு சம்பூசாவாவது பொரிக்க வேண்டும். வீட்டு ட்ரைவர் எங்கள் மட்டக்களப்புத் தம்பி. குசினி வாசலில் நின்று தன் பங்கை வாங்கித் தின்பான். 'மகள் எப்படி அக்கா, படிக்கிறாளா?' என்று கேட்பான்.

பெருநாள் கழிந்து விமான நிலையத்துக்குப் போகும் வழியில்தான் சொன்னான்: "அக்கா, நோன்புக்கு முதலே உங்கள அனுப்பச் சொல்லி வீட்டுக்கார பாபா சொல்லிட்டார். மேடம்தான் பெருநாள் முடியட்டும் எண்டவ."

ஹக்கும் உண்மையைச் சொல்லாமல் இருக்கிறான்தான். ஜிம்மோடு ஆற்றில் தெப்பத்தில் போகும்போது, ஓடிய அடிமைகளைப் பிடிக்க வந்தவர்களிடம், தெப்பத்தில் இருப்பவன் வெள்ளைக்காரன் என்கிறான். வீட்டாருக்கு அம்மை என்று அவர்களாகவே நினைக்க விட்டுவிடுகிறான். அந்த மௌனம் ஜிம்மைக் காப்பாற்றியது. டொம்முடையதற்கு என்ன பெயர்? தம்பிக்காவது வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது. டொம்முக்கு என்ன பயம்? உங்கள் கட்டுரையில் டொம்மைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அடுத்த கிழமையாவது எழுதச் சொல்லுங்கள்.

கடைசியில் டொம் நாற்பது டொலர் கொடுக்க, ஜிம்முக்குச் சந்தோஷம் தாங்கவில்லையாம். ஜிம் இதற்கும் சந்தோஷப்பட்டானா என்று மகளுக்குக் கோபம். நான் மாவைப் பிசைந்துகொண்டு பேசாமல் இருந்தேன். புறப்படும் அன்று மேடம் கையில் வைத்த நூறு ரியாலுக்கும் அத்தர்ப் போத்தலுக்கும் நானும் அப்படித்தான் சிரித்தேன். அதை அவளுக்கு இன்னும் சொல்லவில்லை.

பெயர் வேண்டாம்,
செங்கலடி.