நாயனத்தைப் பரணில் போட்ட அண்ணாவுக்கு

அன்புள்ள அண்ணா,

பேரைப் போடாமல் எழுதிக்கொள் என்று நீங்கள் சொன்னதால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன். குடியை விட்ட கையோடு நாயனத்தையும் துணி சுற்றிப் பரணில் போட்டுவிட்டீர்கள். அதை எடுத்தால் மனசு மறுபடி அந்தப் பக்கம் போகும் என்கிறீர்கள். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. பாலக்கோட்டிலும் பென்னாகரத்திலும் தாலிக் கயிற்றின் மஞ்சள் ஈரம் காய்வதற்குள் மண்டபத்துக்குப் பின்னால் கூப்பிட்டு ஊற்றிக் கொடுத்தவர்களை (அதை வித்வானுக்குச் செய்யும் மரியாதை என்று வேறு நினைத்தார்கள்) நானும் பார்த்திருக்கிறேன்.

ஆனாலும் ஜான் கோல்ட்ரேனைப் பற்றி உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும். 1926-ல் அமெரிக்காவின் வட கரோலினாவில் பிறந்த ஜாஸ் வித்வான். வாசித்தது சாக்ஸபோன், கத்ரி கோபால்நாத் நம் கச்சேரி மேடையில் ஊதிய அதே வாத்தியம். தாத்தாக்கள் இரண்டு பேருமே சர்ச்சில் போதகர்கள், அதனால் சாமி பேரைக் கேட்டே வளர்ந்த பிள்ளை. பன்னிரண்டு வயதில் அப்பா தவறிவிட்டார். பெரியவனானதும் ஹெராயின், அது போதாதென்று குடி. மைல்ஸ் டேவிஸ் என்ற பெரிய கலைஞரின் குழுவில் இடம் கிடைத்தும், இந்தப் பழக்கத்தாலேயே 1957-ல் வெளியே அனுப்பப்பட்டார். அப்புறம் பிலடெல்பியாவில் வீட்டோடு அடைந்து கிடந்து, மனைவி நைமா துணைக்கு இருக்க, இரண்டையும் விட்டார். இப்படி டாக்டர் இல்லாமல் திடீரென்று விடுவதை மட்டும் யாரும் அவரைப் பார்த்துச் செய்யக் கூடாது. பல வருஷம் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் பார்வையில் படுத்திருந்து நீங்கள் விட்டதுதான் சரியான வழி.

அதற்கு அடுத்து அவர் செய்ததைத்தான் உங்களுக்குச் சொல்ல நினைத்தேன். வாத்தியத்தை அவர் மூட்டை கட்டவில்லை. அதே 1957-ல் நியூயார்க்கில் தெலோனியஸ் மங்க் என்பவரோடு சேர்ந்து ராத்திரிக்கு ராத்திரி வாசித்தார், அதுவும் சுற்றிலும் குடி ஓடுகிற கிளப்பில். 1964 டிசம்பரில் 'எ லவ் சுப்ரீம்' என்ற அவருடைய இசைத்தட்டு பதிவானது. அதோடு கேட்பவர்களுக்கு ஒரு கடிதமும் எழுதினார். 1957-ல் கடவுள் அருளால் தனக்குள் ஒரு விழிப்பு வந்ததையும், இசையால் மற்றவர்களைச் சந்தோஷப்படுத்தும் வரத்தைக் கேட்டதையும், நடுவில் அந்த வழியை விட்டு விலகிப் போனதையும்கூட அதில் ஒளிக்காமல் சொல்கிறார்.

அந்த இசைத்தட்டின் நாலாவது பகுதியை நீங்கள் அவசியம் கேட்க வேண்டும். கடவுளுக்கு நன்றி சொல்லி அவரே எழுதிய கவிதை ஒன்று இருக்கிறது. யாரும் வாய் திறந்து பாடுவதில்லை, அந்த வார்த்தைகளைத்தான் அவர் அசை அசையாக ஊதுகிறார். கீர்த்தனை வாசிக்கும்போது சாகித்தியம் மனசில் ஓடணும், இல்லாவிட்டால் வெறும் காற்றுதான் என்று பையன்களிடம் சொல்வீர்களே, அந்தக் காதோடு கேளுங்கள், இங்கிலீஷ் தெரியவே வேண்டாம்.

1967-ல் கல்லீரல் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தார், நாற்பது வயதுதான். விட்ட பிறகு கிடைத்தது பத்தே வருஷம், அதற்குள் இவ்வளவு. சிதார் ரவிசங்கர் மேல் இருந்த மதிப்பில் ஒரு மகனுக்கு ரவி என்று பேர் வைத்தார், அவரும் இன்று சாக்ஸபோன் கலைஞர்.

நாயனத்தின் மேல் பழி போடாதீர்கள் அண்ணா. கல்யாணக் கச்சேரி இப்போது வேண்டாம், யார் அட்வான்ஸ் நீட்டினாலும் வாங்காதீர்கள். குமாரசாமிப்பேட்டை முருகன் கோயிலில் தைப்பூசத்துக்குப் பெண்கள் வடம் பிடித்துத் தேர் இழுப்பார்கள் இல்லையா, அந்தத் தேருக்கு முன்னால் சாமி புறப்பாட்டுக்கான மல்லாரி மட்டும் வாசியுங்கள், போதும். முடிந்ததும் அண்ணியையும் உங்களையும் நேராக வீட்டில் கொண்டு வந்து விடுவது என் பொறுப்பு. நாயனத்தில் வைத்து ஊதும் சீவாளி இத்தனை நாளில் கெட்டுப்போயிருக்கும். திருவாவடுதுறைப் பக்கம் போகிறவர் ஒருவர் இருக்கிறார், எத்தனை வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள், வாங்கி வரச் சொல்கிறேன்.